பத்திரத்தில் இரண்டு பெயர்

அத்தியாயம் 14

டிராக்டரை மூன்று சுற்றுச் சுற்றி வந்தார் சுப்பராயலு. டயரை உதைத்துப் பார்த்தார். இன்ஜினை ஓடவிட்டு, கண்ணை மூடிக்கொண்டு அதன் சத்தத்தைக் கேட்டார். பிறகு கைத்துணியில் விரல்களைத் துடைத்துக்கொண்டு, ஒன்றும் சொல்லாமல் உள்ளே போய் நாற்காலியில் உட்கார்ந்தார்.

விசாலாட்சிக்கு அந்த மௌனம் பிடிக்கவில்லை.

விழுப்புரத்தில் அந்தக் கடையில் பழைய வண்டியை எடுத்துக்கொண்டு புது வண்டி கொடுப்பார்கள். பழசுக்கு விலை போடுகிறவர் சுப்பராயலுதான். அவர் என்ன சொல்லப் போகிறார் என்று அவளும் அவள் புருஷன் தட்சிணாமூர்த்தியும் மேஜைக்கு முன்னால் நின்றார்கள்.

"நாப்பத்தி ஒண்ணு" என்றார் சுப்பராயலு.

"நாப்பத்தி ரெண்டு வரும்னு சொன்னீங்களே!" என்றான் தட்சிணாமூர்த்தி.

"வண்டியப் பாக்காம சொன்னதுப்பா அது. பின் டயரு ரெண்டும் தேஞ்சிக் கெடக்கு. நாப்பத்தி ஒண்ணே உனக்காகச் சொல்றேன்."

ஆயிரம் ரூபாய் குறைகிறது. பாங்கு கடன் சாங்ஷனாகிவிட்டது. விசாலாட்சியின் வளையல் இரண்டும் அடகுக் கடைக்குப் போய்விட்டன. அதற்கு மேல் புரட்ட வீட்டில் ஒன்றும் இல்லை. இந்தச் சின்ன டிராக்டரை வைத்துக்கொண்டு அவர்கள் ஊர் இருக்கும் வல்லம் பக்கத்துக் கெட்டி மண்ணில் ஐந்து கலப்பை போட்டு இழுக்க முடியவில்லை. வாடகைக்கு உழக் கூப்பிட்டவர்கள் ஒவ்வொருவராகப் பெரிய வண்டிக்காரர்களிடம் போய்க்கொண்டிருந்தார்கள். பாகம் பிரித்த பிறகு கைக்கு வந்த நிலம் வயிற்றுக்குப் போதவில்லை. வாடகை உழவுதான் சோறு. ஆனி முடியப் போகிறது. மல்லாட்டைக் கடலை விதைப்புக்கு முன்னால் பெரிய வண்டி வாசலில் நிற்காவிட்டால் இந்த வருஷம் அவ்வளவுதான்.

"ஒரு வாரம் டயம் குடுங்க சார்" என்றான் தட்சிணாமூர்த்தி.

"இந்த லோடுல இது ஒண்ணுதான் மீதி. நாளைக்குக் காலையில பணத்தோட வர்றேன்னு செஞ்சிக்காரர் ஒருத்தர் சொல்லிட்டுப் போயிருக்காரு. இன்னிக்கு அஞ்சரை மணி வரைக்கும் உனக்காக நிறுத்தி வைக்கிறேன். அதுக்கு மேல என் கையில இல்ல."

சொல்லிக்கொண்டே வண்டியின் காகிதங்களை ஒவ்வொன்றாகப் புரட்டினார். நடுவில் ஒன்றை எடுத்து வெளிச்சத்தில் பிடித்தார். கெட்டியான பச்சைக் காகிதம்.

"இது எப்ப வாங்கினது?"

"அது ஒண்ணுமில்லீங்க" என்றான் தட்சிணாமூர்த்தி அவசரமாக. "வண்டி எடுக்கசொல்ல ஏஜென்டு தலையில கட்டினது. வேஸ்டு காயிதம்."

"யாரு சொன்னது வேஸ்டுன்னு?" சுப்பராயலு கண்ணாடியை மாட்டிக்கொண்டார். காகிதத்தின் பின்பக்கத்தைத் திருப்பிப் பொடி எழுத்துகளின் மேல் விரலை ஓட்டினார். "கம்பெனி கேரண்டி ஒரு வருஷம். அதுக்கு மேல மூணு வருஷத்துக்கு என்ன ரிப்பேர் வந்தாலும் நாங்க பாத்துக்கறோம்னு திண்டிவனத்து ஏஜென்டு தனியா ரெண்டாயிரத்து நானூறு வாங்கிக்கிட்டுக் குடுத்த பத்திரம் இது. மூணுல ஒண்ணரை வருஷம்தான் ஓடியிருக்கு. வண்டிய வித்தாலோ மாத்தினாலோ, ஓடாத காலத்துக்குப் பணத்தைத் திருப்பித் தரணும். ஏழாவது ஷரத்து. இதோ போட்டிருக்கு பாரு."

விசாலாட்சி மேஜை ஓரத்தைப் பிடித்துக்கொண்டாள். "எவ்வளவு வருங்க?"

"பாதி ஆயிரத்து இருநூறு. ஆபீஸ் செலவுன்னு பத்துல ஒண்ணு பிடிப்பாங்க. ஆயிரத்து எண்பது வரும்." அவர் கண்ணாடியைக் கழற்றினார். "ஆனா ஒண்ணு. வண்டி கை மாறுறதுக்கு முன்னாடி போய்க் கேக்கணும். எங்கிட்ட எழுதிக் குடுத்துட்டுப் போய்க் கேட்டீங்கன்னா ஒரு பைசா பேராது. வண்டி இங்கயே நிக்கட்டும். கையெழுத்து அப்புறம் போடுங்க. முதல்ல திண்டிவனத்துக்கு பஸ்ஸப் பிடிங்க."

அவள் பச்சைக் காகிதத்தை வாங்கி முந்தானைக்குள் வைத்துக்கொண்டாள். புருஷன் முகத்தைப் பார்த்தாள். பணம் கிடைக்கும் என்று கேட்ட சந்தோஷம் அந்த முகத்தில் இல்லை. ஏன் இல்லை என்று அவளுக்குத் தெரியும்.

அந்தப் பத்திரத்தை வாங்கியது அவனுடைய அண்ணன் பாண்டுரங்கன்.

* * *

பஸ்ஸில் ஜன்னலோரம் இடம் கிடைத்தது. விக்கிரவாண்டி தாண்டும் வரை தட்சிணாமூர்த்தி வாயைத் திறக்கவில்லை.

இரண்டரை வருஷத்துக்கு முன்னால் அண்ணனும் தம்பியும் ஒரே பஸ்ஸில் ஒரே சீட்டில் உட்கார்ந்து டிராக்டர் வாங்கப் போனவர்கள். பணம் கட்டிவிட்டுத் திரும்பும் பஸ்ஸில் தம்பி முன் சீட்டிலும் அண்ணன் பின் சீட்டிலும் உட்கார்ந்து வந்தார்கள். காரணம் இந்தப் பச்சைக் காகிதம். "உடையாத வண்டிக்கு மருந்துச் செலவா?" என்று தம்பி கேட்டான். "உடைஞ்சா உன் அப்பனா வந்து தருவாரு?" என்றார் அண்ணன். அப்பா செத்து வருஷம் திரும்பியிருக்கவில்லை. அந்த வார்த்தை தம்பிக்குத் தைத்தது.

அதற்குப் பிறகு அந்த வீட்டில் எதை எடுத்தாலும் பேச்சு இதில்தான் வந்து நின்றது. கடைசியில், போன வருஷம் பாகம் பிரித்த அன்று, ஊர் முழுக்க உட்கார்ந்திருக்கும்போது தட்சிணாமூர்த்தி சொல்லிவிட்டான்: "எவன் காயிதத்த நீட்டினாலும் கையெழுத்து போட்டுட்டு ஏமாந்துக்கினு வருவாரு. இவரோட கூட்டு எனக்கு வேணாம்."

பாண்டுரங்கன் துண்டை உதறித் தோளில் போட்டுக்கொண்டு எழுந்தார். ஒரு மாதத்துக்குள் பெண்டாட்டி பவுனுவைக் கூட்டிக்கொண்டு திண்டிவனம் போய்ப் புண்ணாக்குக் கடை வைத்துவிட்டார். டிராக்டர் தம்பி பாகத்தில் வந்தது. பேச்சு அன்றோடு நின்றது. பதினாலு மாதம் ஆகிறது.

"இன்னாங்க" என்றாள் விசாலாட்சி. "பணம் நம்ம பணம். யாரு வாங்கினதா இருந்தா இன்னா?"

"நான் இன்னா சொன்னேன்?"

"ஒண்ணும் சொல்லாததாலதான் கேக்கறேன்."

அவன் ஜன்னலுக்கு வெளியே திரும்பிக்கொண்டான்.

* * *

திண்டிவனத்தில் சவுரிராயன் ஏஜென்சியில் மேனேஜர் கிருஷ்ணசாமி பேப்பர் படித்துக்கொண்டிருந்தார். பச்சைக் காகிதத்தை ஒரு தரம் பார்த்தார். மேஜையில் வைத்தார். பேப்பரைத் திரும்பவும் எடுத்தார்.

"வண்டிய மாத்தப் போறீங்க, அப்படித்தானே? வண்டி போனா பத்திரமும் போச்சு. இதுக்கெல்லாம் பணம் திருப்பித் தர்றதில்லம்மா."

"ஏழாவது ஷரத்துல போட்டிருக்குதுங்களே" என்றாள் விசாலாட்சி.

பேப்பர் கொஞ்சம் இறங்கியது. "யாரு சொன்னது?"

"படிச்சவங்க சொன்னாங்க."

"அதெல்லாம் பேச்சுக்குப் போடறது. இதுவரைக்கும் யாரும் வந்து கேட்டதில்ல."

"யாரும் கேக்கல, அதனால நீங்க தரல. நாங்க கேக்கறோம்."

தட்சிணாமூர்த்தி அவள் கையைத் தொட்டான். வா போகலாம் என்று அர்த்தம். அவள் நகரவில்லை. ஊரில் ரேஷன் கடைக்காரரிடம்கூட அவள் இப்படி எதிர்த்து நின்றதில்லை. ஆனால் அடகுக் கடையில் வளையலைக் கழற்றியபோது கை கனமில்லாமல் போனதே, அது ஞாபகம் வந்தது.

"சரிங்க. முடியாதுன்னா முடியாதுன்னு ஒரு காயிதத்துல எழுதி சீலு வச்சிக் குடுங்க. நாங்க போயிடறோம்."

"எதுக்கு?"

"விழுப்புரத்துல கேட்டாங்க. தரலன்னா எழுதி வாங்கிக்கினு வா, கம்பெனிக்கே போடறோம்னு."

அப்படி யாரும் கேட்கவில்லை. அந்த நிமிஷத்தில் அவளுக்குத் தானாகத் தோன்றியது அது.

கிருஷ்ணசாமி பேப்பரை மடித்து வைத்தார். பத்திரத்தைத் திருப்பிப் படித்தார். அவருக்கே அது புதிதாக இருந்ததோ என்னவோ, உதடு அசைய அசையப் படித்தார்.

"போட்டுத்தான் இருக்கு" என்றார் கடைசியில். குரல் இறங்கியிருந்தது. "உக்காருங்க. காலாகாலத்துல சர்வீஸ் விட்டிருக்கணும். அதை நோட்டுல பாத்துக்கறேன். அப்புறம், பத்திரத்துல யார் யார் பேர் இருக்கோ அவங்க எல்லாரும் என் எதிர்லயே கையெழுத்து போடணும்." பெயர்களைப் படித்தார். "மு. பாண்டுரங்கன். மு. தட்சிணாமூர்த்தி. யாரு, அண்ணனா? வரச்சொல்லுங்க. இன்னிக்கே முடிச்சிடலாம்."

நாற்காலி பின்னால் தள்ளப்பட்ட சத்தம் கேட்டது. தட்சிணாமூர்த்தி எழுந்துவிட்டான்.

"வேணாங்க. அந்தப் பணமே வேணாம்."

விடுவிடுவென்று வாசலில் இறங்கினான். விசாலாட்சி பின்னாலேயே ஓடினாள்.

"இந்தா பாரு, அவரு வாசல்ல போய் நிக்கச் சொல்றியா? ஊரு நடுவுல அந்த வார்த்த சொன்ன வாயால போய்க் கையெழுத்து கேக்கணுமா?"

"நீங்க கேக்க வேணாம். நான் கேக்கறேன்."

"கேவலம்டி."

"மழ பேஞ்சி, ஊரே உழுதுக்கினு இருக்கசொல்ல நாம வாசல்ல குந்திக்கினு பாத்தா, அது கேவலம் இல்லியா?"

அவன் தெருப் பக்கம் திரும்பினான். பிறகு, "பஸ் ஸ்டாண்டு டீக்கடையில இருக்கேன்" என்று சொல்லிவிட்டு நடந்தான். போகாதே என்று சொல்லவில்லை. அது போதும் என்று அவள் நினைத்துக்கொண்டாள்.

* * *

கடைத்தெருவில் புண்ணாக்குக் கடையைக் கண்டுபிடிக்கச் சிரமம் இல்லை. எள்ளுப் புண்ணாக்கு வாசனை தெரு முனைக்கே வந்தது.

பாண்டுரங்கன் தராசில் தவிடு நிறுத்துக்கொண்டிருந்தார். இளைத்திருந்தார். காதோர நரை முன்பை விட ஏறியிருந்தது. அவளைப் பார்த்ததும் கை ஒரு விநாடி நின்றது. பிறகு எடைக்கல்லை மாற்றி வைத்தார்.

"மாமா" என்றாள்.

"உள்ள போ. அக்கா இருக்கா."

பவுனு அதற்குள் குரல் கேட்டு ஓடி வந்துவிட்டாள். "அடி விசாலு!" என்று கையைப் பிடித்தவள், வெறும் மணிக்கட்டைப் பார்த்துச் சட்டென்று பேச்சை நிறுத்தினாள். ஒன்றும் கேட்காமல் தண்ணீர் கொண்டுவரப் போனாள்.

விசாலாட்சி உள்ளே போகவில்லை. தவிடு வாங்க வந்தவர் போகும்வரை கடை ஓரத்தில் நின்றாள். பிறகு பச்சைக் காகிதத்தை எடுத்துத் தராசுக்குப் பக்கத்தில் வைத்தாள். நடந்ததை நடந்தபடி சொன்னாள். பெரிய வண்டி, ஆயிரம் ரூபாய் குறைவு, ஏழாவது ஷரத்து, இரண்டு கையெழுத்து, அஞ்சரை மணி.

பாண்டுரங்கன் காகிதத்தைத் தொடவில்லை.

"ஏமாந்தவன் கையெழுத்து எதுக்கும்மா அவனுக்கு?"

வழி முழுக்க அவள் பயந்துகொண்டு வந்த வார்த்தை. வாயில் வந்ததைச் சொன்னாள்.

"நீங்க ஏமாறல மாமா. நீங்க வாங்கினது சரிதான்னு இன்னிக்குத் தெரிஞ்சிபோச்சி. அதச் சொல்லிட்டுப் போவத்தான் வந்தேன். கையெழுத்து போடறதும் போடாததும் உங்க இஷ்டம்."

"இது அவன் சொல்றானா, நீ சொல்றியா?"

பொய் சொல்லலாம். ஒரு பொய்யைக் காலையிலேயே சொல்லியாகிவிட்டது. இவரிடம் வேண்டாம்.

"நான்தான் சொல்றேன். அவரு சொல்ல இன்னும் கொஞ்ச நாள் ஆவும்."

பாண்டுரங்கனின் உதட்டோரம் லேசாக அசைந்தது. சிரிப்பு என்று சொல்ல முடியாது.

"கடைய வுட்டுட்டு எப்படி வர்றது? மத்தியான நேரம், மாட்டுக்காரனுங்க வர்ற நேரம்."

"நான் எதுக்கு இருக்கேன்?" என்றாள் பவுனு தண்ணீர்ச் செம்போடு வந்து. "பதினாலு மாசமா ராத்திரியில படுத்துக்கினு வண்டி இன்னா ஆச்சோ, வண்டி இன்னா ஆச்சோன்னு என் உயிர எடுக்கத் தெரியுது. சட்டைய மாத்திக்கினு கிளம்புங்க."

"நான் எப்ப கேட்டேன்?"

"சரி, கேக்கல. கிளம்புங்க."

அவர் உள்ளே போனார். திரும்பி வரும்போது விசாலாட்சிக்குச் சிரிப்பை அடக்க முடியவில்லை. வெள்ளைச் சட்டை, ஜரிகைக் கரை வேட்டி, தலையில் எண்ணெய் வைத்து வாரி, நெற்றியில் புதிதாகத் திருநீறு. ஆபீசில் ஒரு கையெழுத்துப் போட யாரும் அப்படிக் கிளம்ப மாட்டார்கள்.

பவுனு முந்தானையால் வாயைப் பொத்திக்கொண்டு உள்ளே போய்விட்டாள்.

* * *

ஏஜென்சியில் பெஞ்சின் ஒரு கோடியில் அண்ணன், மறு கோடியில் தம்பி. நடுவில் விசாலாட்சி. டீக்கடையிலிருந்து தட்சிணாமூர்த்தியை அழைத்து வர அவளுக்கு ஒரு வார்த்தைதான் செலவானது. "வந்திருக்காரு" என்றாள். அவன் டீ கிளாஸைப் பாதியில் வைத்துவிட்டு வந்துவிட்டான்.

கிருஷ்ணசாமி மனுவை எழுதி முடித்தார். பாண்டுரங்கன் முதலில் எழுந்து போய், ஒவ்வொரு எழுத்தாக, அவசரமில்லாமல் கையெழுத்துப் போட்டார். தட்சிணாமூர்த்தி அதற்குக் கீழே போட்டான்.

மேனேஜர் சர்வீஸ் நோட்டைத் திறந்தார். பக்கம் பக்கமாகத் திருப்பினார். அந்த நேரத்தில் பாண்டுரங்கன் சுவரைப் பார்த்துக்கொண்டு, யாரிடமோ கேட்பது போலக் கேட்டார்.

"ரெண்டாவது கியரு இன்னும் கத்துதா?"

நடுவில் இருந்த விசாலாட்சி கொஞ்சம் பின்னால் சாய்ந்துகொண்டாள்.

"இல்ல" என்றான் தட்சிணாமூர்த்தி, தரையைப் பார்த்து. "போன தபா மெக்கானிக்கு வந்து பிரிச்சி மாட்டினப்புறம் கத்தல."

"தாண்டவராயனா?"

"ம்."

"கைகாரன். நல்லா பாப்பான்."

"ஆபீஸ்லருந்து மூணு மாசத்துக்கு ஒரு தபா அவனே வந்துட்டான். நாம கூப்பிடவே வேணாம். அது ஒண்ணுதான் இந்த..." பத்திரம் என்று சொல்ல வந்தவன் நிறுத்திக்கொண்டான்.

கிருஷ்ணசாமி தலையைத் தூக்கினார். "ஆபீஸ்லருந்தா? நாங்க யாரையும் ஊருக்கு அனுப்பறதில்லப்பா. வண்டியத்தான் இங்க கொண்டு வரணும். பேரு ஞாபகமில்ல, முகம் தெரியுது. உங்க அண்ணன் இங்க வந்து நின்னு, தம்பி வண்டிய கொண்டாரமாட்டான், நாள் தவறினா பத்திரம் செல்லாமப் போயிடும், ஆள அனுப்புங்கன்னு ஒவ்வொரு தபாவும் கேட்டுக்கிட்டதால அனுப்பினோம். மெக்கானிக்கு பஸ் சார்ஜ், சாப்பாடெல்லாம் இவர் கைக்காசு. இல்லன்னா இன்னிக்கு இந்தப் பணத்துக்கு வழியே இல்ல."

சொல்லிவிட்டு அவர் பாட்டுக்கு நோட்டில் டிக் அடித்துக்கொண்டு போனார்.

தட்சிணாமூர்த்தி நிமிர்ந்து அண்ணனைப் பார்த்தான். பதினாலு மாதத்தில் முதல் தடவையாக நேராகப் பார்த்தான். பாண்டுரங்கனின் காது மடல் சிவந்துவிட்டது.

"பணம் குடுத்து வாங்கினது. வீணாப் போவக்கூடாதுன்னுதான்" என்றார் முரட்டுத்தனமாக.

தட்சிணாமூர்த்தியின் வாய் திறந்தது, மூடியது. சொல்லுங்க, சொல்லிடுங்க என்று விசாலாட்சி மனசுக்குள் தவித்தாள்.

அதற்குள் மேனேஜர் செக்கைக் கிழித்து நீட்டினார். "முதல் பேர் பாண்டுரங்கன். அவர் பேர்லதான் செக்கு போட முடியும். பாங்குல போட்டா நாலு நாள்ல வந்துடும்."

நாலு நாள்! விசாலாட்சியின் கண் சுவர்க் கடிகாரத்துக்குப் போனது. இரண்டே முக்கால்.

பாண்டுரங்கன் செக்கை வாங்கினார். இரண்டாக மடித்தார். சட்டைப் பையில் வைத்துக்கொண்டார். "வர்றேன் சார்" என்று மேனேஜருக்கு ஒரு கும்பிடு போட்டுவிட்டு, யாரையும் பார்க்காமல் வாசல் இறங்கிப் போய்விட்டார்.

* * *

"பாத்தியா?" என்றான் தட்சிணாமூர்த்தி. பஸ் ஸ்டாண்டு வரை அதைத்தான் திரும்பத் திரும்பச் சொன்னான். ஆனால் குரலில் காலையில் இருந்த காரம் இல்லை. "போவட்டும் வுடு. அவரு கட்டின பணம்தானே. மெக்கானிக்குச் செலவு வேற பண்ணியிருக்காரு. எடுத்துக்கட்டும்."

அவளுக்கு அழுகை வந்தது. இந்தப் பேச்சை இவன் வாயிலிருந்து கேட்பதற்குச் சந்தோஷப்படுவதா, வண்டி போனதற்கு அழுவதா என்று தெரியவில்லை. விழுப்புரம் பஸ் கிளம்பத் தயாராக உறுமிக்கொண்டிருந்தது. ஏறினார்கள். பழைய வண்டியையாவது திருப்பி ஓட்டிக்கொண்டு வரவேண்டுமே.

கண்டக்டர் விசில் ஊதப்போகும் நேரம். "ஏ நிறுத்துப்பா! நிறுத்து!" என்று ஒரு கத்தல். விசாலாட்சி ஜன்னலில் எட்டிப் பார்த்தாள்.

பவுனு ஓடி வந்துகொண்டிருந்தாள். ஒரு கையில் மஞ்சள் பை, இன்னொரு கை புடவையைத் தூக்கிப் பிடித்திருந்தது. மூச்சு இரைக்க ஜன்னலுக்குக் கீழே வந்து பையை உள்ளே திணித்தாள்.

"கல்லாவுல இருந்தது பத்தல. பக்கத்துக் கடைச் செட்டியாராண்ட கைமாத்து வாங்கிக்கினு... அதான் லேட்டு. மனுசன் வாயத் தொறந்து சொல்லிட்டு வரக்கூடாதா? பேஜாரு புடிச்ச ஆளு. செக்கு அவருக்கு, ரொக்கம் உங்களுக்கு. ஆயிரத்து எண்பதும் இருக்குது. மேல எலுமிச்சம்பழ சாதம். பஸ்ஸுல துன்னுங்க."

தட்சிணாமூர்த்தி பையை வாங்கிக்கொண்டான். "அண்ணி" என்றான். கண்டக்டரிடம் போய் டிக்கெட் எடுப்பது போல முன்பக்கம் நகர்ந்துவிட்டான்.

அவன் நகர்ந்ததும் பவுனு ஜன்னல் கம்பியைப் பிடித்து எக்கினாள். முகம் மாறியிருந்தது.

"விசாலு, ஜல்தி கேட்டுக்கோ. நாளைக்கு உங்க மாமா கிணத்து மேட்ட கிரயம் பண்ணப் போறாரு."

விசாலாட்சிக்கு முதலில் விளங்கவில்லை. கிணற்று மேடு பாண்டுரங்கன் பாகத்தில் போன இரண்டு காணி நிலம். ஆனால் தட்சிணாமூர்த்தி நிலத்துக்கும் தண்ணீர் அந்தக் கிணற்றிலிருந்துதான் பாய்கிறது. சண்டை எவ்வளவு முற்றியபோதும் அண்ணன் அந்த வாய்க்காலை மட்டும் அடைக்கவில்லை.

"எதுக்குக்கா?"

"கேக்காத. உன் வூட்டுக்காரருக்குத் தெரியக்கூடாதுன்னு என் தலையில அடிச்சி சத்தியம் வாங்கினாரு. நான் அவருகிட்ட சொல்லல. உன்கிட்டதான் சொல்றேன்."

"யாருக்கா வாங்கறது?"

பஸ் நகர்ந்தது. பவுனு கூடவே நாலு எட்டு வைத்தாள். உதடு அசைந்தது. ஹாரன் சத்தத்தில் பெயர் காதில் விழவில்லை.

* * *

ஐந்து மணிக்கு இன்னும் சில நிமிஷங்கள் இருந்தன. சுப்பராயலு ரூபாயை வாங்கி மேஜை டிராயரில் வைத்தார். "வந்துட்டியாம்மா?" என்று விசாலாட்சியைப் பார்த்துத்தான் கேட்டார்.

கற்பூரம் காட்டினார்கள். நாலு டயருக்கும் எலுமிச்சம்பழம் வைத்தார்கள். சிவப்பு வண்டி. பக்கத்தில் நின்றால் சக்கரமே அவள் தோளுக்கு வந்தது. தட்சிணாமூர்த்தி ஏறி உட்கார்ந்து சாவியைத் திருப்பினான். இன்ஜின் போட்ட கனத்த சத்தத்தில் அவன் முகம் பன்னிரண்டு வயசுப் பையன் முகம் மாதிரி ஆகிவிட்டது. பழைய வண்டியின் மட்கார்டைப் போகிற போக்கில் ஒரு தட்டுத் தட்டினான்.

விசாலாட்சி மட்கார்டு மேல் ஏறி உட்கார்ந்தாள். விழுப்புரத்துக் கடைத்தெரு வழியாக, சைக்கிள்காரர்கள் ஒதுங்கி வழிவிட, புது வண்டி போயிற்று. வழியில் இரண்டு பேர் கை தூக்கி நிறுத்தி வாடகை கேட்டார்கள். தட்சிணாமூர்த்தி வாடகையைச் சத்தமாகச் சொன்னான். இன்ஜின் சத்தத்தை மீறி அவனுக்குப் பேச வேண்டியிருந்தது.

"மழை வந்ததும் முதல் உழவு எங்க ஓட்டலாம்?" என்று கேட்டான்.

அவளுக்குக் கிணற்று மேடுதான் ஞாபகத்தில் ஓடியது. இப்போது சொல்வதா, வீட்டுக்குப் போய்ச் சொல்வதா? சொன்னால் இந்த முகம் என்னாகும்? பழையபடி வீம்பு தலைக்கேறி, "விக்கட்டும், யாருக்கு வேணா விக்கட்டும்" என்று சொல்லிவிட்டானானால்? சொல்லாமல் விட்டால் நாளைக்கு இந்நேரம் கிணறு வேறு ஆள் கையில். அந்த ஆள் வாய்க்காலை விட்டு வைப்பானா?

செஞ்சி சாலை பிரியும் இடம் வந்தது. ஊருக்குப் போக அந்தச் சாலையில்தான் திரும்ப வேண்டும். தட்சிணாமூர்த்தி கையைக் காட்டிவிட்டு ஸ்டியரிங்கை வளைக்கப் போனான்.

"திருப்பாதீங்க" என்றாள்.

"இன்னா?"

"ஓரமா நிறுத்துங்க."

நிறுத்தினான். அவள் குனிந்து, அவன் காதுக்கு நேராக, பவுனு சொன்னதைச் சொன்னாள். கிணற்று மேடு. நாளைக்குக் கிரயம். அவனுக்குத் தெரியக்கூடாது என்று சத்தியம்.

அவன் கை ஸ்டியரிங்கிலேயே இருந்தது. விசாலாட்சி காத்திருந்தாள். சாலையில் ஒரு லாரி போயிற்று. இன்னொரு பஸ் போயிற்று.

"கஷ்டம் இல்லாம விக்க மாட்டாரு" என்றான் தட்சிணாமூர்த்தி. மெல்லத்தான் சொன்னான். "அப்பா வெட்டின கிணறு அது. கஷ்டத்துலதான் இந்தப் பணத்தையும் தூக்கிக் குடுத்திருக்காரு."

"அதான் நானும் நெனச்சேன்."

"வாங்கறது யாரு?"

"காதுல விழல."

அவன் கிளட்சை மிதித்தான். செஞ்சி சாலையை விட்டுவிட்டு, நேராகத் திண்டிவனம் சாலையில் வண்டியைச் செலுத்தினான். வெளிச்சம் மங்கத் தொடங்கியிருந்தது. விளக்கைப் போட்டதும் சாலை வெகுதூரத்துக்குத் தெரிந்தது.

"கெட்டியாப் புடிச்சிக்கோ" என்றான். "அண்ணன் கடைய மூடறதுக்குள்ள போயிடணும்."